மூன்று கை சுண்ணாம்பு

வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுக் காட்டி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். எமர்ஜென்சி என்றால் பேப்பரில் படித்த விஷயம் இல்லை, ஜீப் சத்தம் கேட்டதும் அப்பன்மார்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பயந்து கரும்புக்குள் ஓடிய விஷயம் என்று தெரிந்தவர்களுக்கு. மற்றவர்கள் கேட்டால் கதை என்பார்கள்.

பேர் எதுவும் சொல்லப்போவதில்லை. பேரால் கெட இருந்த குடும்பம் எங்களுடையது. நைனா, அம்மா, அக்கா, சாமியார் என்று உறவையும் வேலையையும் வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

எங்கள் காலனி உத்திரமேரூருக்கும் காவாந்தண்டலத்துக்கும் நடுவில், ஒரு ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. முப்பது வீடு. ஒருத்தருக்கும் காணி நிலம் கிடையாது. ஊர்க்காரர் கழனியில் நடவு, களை, அறுப்பு. பாதி வீடு கிறிஸ்து வேதத்தில் சேர்ந்த வேதக்கார வீடு, பாதி வீடு அம்மன் கோயில் வீடு. அண்ணன் ஜெபமாலை சொல்லுவான், தம்பி தீ மிதிப்பான். அதில் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

வேதக்கார வீட்டில் எல்லாருக்கும் இரண்டு பேர். குழந்தையாக இருக்கும்போது தலையில் தண்ணீர் ஊற்றி வைப்பது கோயில் பேர். பள்ளிக்கூடத்தில் எழுதுவது வீட்டுப் பேர், அது இந்துப் பேராகத்தான் இருக்கும். காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வேதத்தில் சேர்ந்துவிட்டால் சர்க்கார் எங்களைப் பறையர் என்று ஒத்துக்கொள்ளாது. சலுகை கிடையாது, ஹாஸ்டல் கிடையாது, வேலை கிடையாது. சாமி மாறினால் சாதி போய்விடும் என்பது அவர்கள் சட்டம். ஊர் டீக்கடைக்கு அந்தச் சட்டம் வந்து சேரவில்லை. அங்கே வேதக்காரனுக்கும் தனி கிளாஸ்தான்.

அதனால் புது ஆள் யாராவது கோயில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அம்மா எங்களைப் பழக்கியிருந்தாள். சும்மா பழக்கவில்லை, விளக்குமாற்றால் பழக்கினாள். எனக்கு அது ரொம்ப நன்றாக வந்தது. பத்து வயதுப் பெண் என்றாலும் காலனியிலேயே பெரிய சந்தேகப் பிராணி நான்தான். நாய் வாலை ஆட்டினால் கூட ஏன் ஆட்டுகிறது என்று யோசிப்பேன்.

அந்த வருஷம் ஆடியில் பழைய சாமியார் மாற்றலாகிப் போய்ப் புதுசாக ஒருவர் வந்தார். பதினெட்டு ஊருக்கு அவர் ஒருவர்தான். எங்களுக்கு மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை. ஏரிக்கரை மேல் டப்டப் என்று மோட்டார் சைக்கிள் சத்தம் வரும், பின்னாலேயே பூசைச் சாமான் வைத்த தகர டிரங்குப் பெட்டி குதித்துக்கொண்டு வரும். பழையவர் கிழவர், எல்லார் பேரும் மனப்பாடம், எந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு என்பது வரைக்கும் தெரியும். இவர் வாலிபர். தெற்கத்தி ஆள், கடற்கரைப் பக்கம். பேச்சே வேறு. வந்த முதல் நாளே எங்கள் வாசலில் நின்று, "வீட்டுல எத்தன பேரு இருக்கிய?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

"இன்னாத்துக்குக் கேக்கறாரு?" என்று உள்ளே வந்து முணுமுணுத்தாள்.

கேட்டதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, எழுதவும் செய்தார். அவரிடம் ஒரு நீளப் புத்தகம் இருந்தது. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் வைத்திருப்பாரே அதுபோல, கெட்டி அட்டை, முதுகில் சிவப்புத் துணி. வீடு வீடாக உட்கார்ந்து யார் மூத்தது, யார் இளையது, யாருக்கு எப்போது ஞானஸ்நானம், கோயில் பேர் என்ன, வீட்டுப் பேர் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ஜீப்பில் வந்த ஆபரேஷன்காரர்களும் முதலில் இப்படித்தான் எழுதினார்கள். எழுதிக்கொண்டு போனவன் சும்மா போனதாக எங்கள் காலனியில் சரித்திரம் இல்லை.

பக்கத்து வீட்டில் பெரியம்மா இருந்தாள், அம்மாவுக்கு அக்கா. வாய் என்றால் வாய். "பாத்துக்கினே இரு. இந்த ஆளு இன்னா ஜாதியோ, எந்தூரோ. நம்ப வூட்டுச் சோறு துன்றாரு, நம்ப பேரக் கொண்டும்போயி எங்க குடுக்கறாரோ?" என்றாள். சாமியார் எங்கள் வீடுகளில் முறை வைத்துத்தான் சாப்பிட்டார், கேழ்வரகுக் களியும் கீரையும் எது கொடுத்தாலும் வழித்துச் சாப்பிட்டார். அதுவும் பெரியம்மாவுக்குச் சந்தேகமாக இருந்தது. மேல்சாதிக்காரன் இப்படி வழித்துத் தின்பானா, ஏதோ காரியம் இருக்கிறது என்றாள்.

ஐப்பசி நடுவில் கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் கல்லறை ஏரிக்கரையை ஒட்டிய மேட்டில், ஒரு வேப்பமரத்தடியில் இருந்தது. செங்கல் வைத்துப் பூசிய சிலுவைக் குருசுகள் பதினொன்று. வருஷா வருஷம் புல்லைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்திப்பூ போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவோம். பழைய சாமியார் ஒவ்வொரு குருசாக நின்று, செத்தவர் பேரைத் தானே சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். புதியவருக்கு எப்படித் தெரியும்? முந்தின செவ்வாய்க்கிழமை பூசை முடிந்ததும் சொன்னார்.

"குருசுல பேரு எழுதி வையுங்க. நான் வாசிச்சு மந்திரிக்கேன். எந்த ஆத்துமாவையும் விட்டுரக் கூடாது பாருங்க."

எழுதியது என் அக்கா. காலனியில் அவள் எழுத்துத்தான் அச்சு மாதிரி இருக்கும். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, வேலை வராமல் இரண்டு வருஷமாக நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெயிண்ட்டுக்கு எங்கே போவது? ரோடு போட்டு மிச்சமாகிக் கிடந்த தாரைக் கொண்டுவந்து, மண்ணெண்ணெய் விட்டுக் கரைத்தாள். வேப்பங்குச்சி நுனியை நசுக்கி பிரஷ் ஆக்கினாள். பதினொரு குருசிலும் எழுதினாள். கோயில் பேரை மட்டும் எழுதினால் யாருக்கும் யாரென்று தெரியாது. செத்தவர்களைக் கூட நாங்கள் வீட்டுப் பேரால்தான் அறிவோம். அதனால் கோயில் பேர் மேலே, வீட்டுப் பேர் கீழே, இரண்டையும் எழுதினாள். தாத்தா குருசில் மட்டும் ஒரு சின்னப் பூவும் போட்டாள். நான் தார் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மண்ணெண்ணெய் வாசனை இப்போதும் எங்காவது ரோடு போட்டால் எனக்கு வந்துவிடும்.

சாமியார் வந்து ஒவ்வொரு பேராக வாசித்தார். எழுத்தைப் பார்த்து, "யாரு எழுதுனது? கண்ணுல ஒத்திக்கலாம் போலிருக்கு" என்றார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு அதற்கு அப்புறம் ரொம்ப நாள் நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே வேலைவாய்ப்பு ஆபீசிலிருந்து அக்காவுக்குக் கார்டு வந்தது. சர்க்கார் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. எங்கள் காலனியில் சர்க்கார் வேலைக்கு ஆண்பிள்ளைகளே யாரும் போனதில்லை. நைனா அந்தக் கார்டை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கழனிக்குப் போனார், வேர்வையில் எழுத்து கலைந்துவிடும் என்று அம்மா பிடுங்கி வைத்தாள். ஒன்றே ஒன்று பாக்கி. தாசில்தார் கையெழுத்துப் போட்ட சாதிச் சான்றிதழ் வேண்டும். டிரெயினிங்குக்குப் பள்ளிக்கூடத்து டி.சி. போதுமாக இருந்தது, வேலைக்கு அது போதாதாம். ஆர்.ஐ. என்கிற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து விசாரிப்பாராம்.

அவர் வருகிற அன்றைக்கு எங்கள் வீடு எப்படி இருந்தது என்று பார்த்திருக்க வேண்டும். மாதா படம் திரும்பிச் சுவரைப் பார்த்தது. அதன் முதுகுப் பக்கம் ஓரிக்கை அரிசி மண்டிக்காரர் கொடுத்த முருகன் காலண்டர் தொங்கியது. அம்மா விபூதி பூசிக்கொண்டாள், அளவு தெரியாமல் நெற்றி முழுக்க. பெரியம்மா கொண்டுவந்த மஞ்சள் குங்குமம் வாசப்படியில் வழிந்தது. ஆர்.ஐ. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மோர் குடித்தார். எல்லாரையும் கேட்டார். எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள், "இந்து ஆதிதிராவிடர் சார்." தாத்தா பேரையும் கேட்டு எழுதிக்கொண்டார். நைனா வீட்டுப் பேரைச் சொன்னார். ஆர்.ஐ. சிரித்த முகத்தோடு கிளம்பினார்.

அவர் நிஜமாகவே போகிறாரா என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். நான் கருவேலம்புதர் ஓரமாகவே போனேன். சைக்கிளை ஏரிக்கரையில் சாய்த்துவிட்டு, வேப்பமரத்தடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் சைக்கிள் ஏறிப் போனார். நான் ஓடிவந்து சொன்னேன்.

"மரத்தாண்ட ஒண்ணுக்குப் போய்ட்டு, போய்ட்டாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நம்ப மோரு அங்கதான் எறங்கிச்சா என்று பெரியம்மா சொன்னதும் சிரிப்பு அடங்கவே இல்லை. நான் அந்தக் கதையைப் பத்து நாள் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பத்தாம் நாள் நைனா தாலுக்கா ஆபீசுக்குப் போனார். மத்தியானம் திரும்பி வந்தவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தர மாட்டாங்களாம். நாம வேதக்காரங்களாம்."

"யாரு சொன்னதாம்?" என்றாள் அம்மா.

"ஆதாரம் கீதுன்னு சொல்றாங்கோ. எழுத்துல கீதாம்."

எழுத்து என்றதும் எல்லாருக்கும் ஒரே புத்தகம்தான் ஞாபகம் வந்தது. கெட்டி அட்டை, முதுகில் சிவப்புத் துணி.

"நான் சொன்னன் இல்ல?" என்றாள் பெரியம்மா. "எயுதிக்கினு போனவன் எங்க போய்க் குட்த்தான் பாத்தியா?"

அக்கா அழவில்லை. உள்ளே போய் மாதா படத்தை நேராகத் திருப்பி மாட்டினாள். இனிமேல் என்ன, எல்லாம் தெரிந்துவிட்டதே என்றாள். மறுநாள் காலையில் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போனாள். நைனா தாலுக்கா ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி மறு விசாரணை கேட்டு எழுதிப் போட்டார். வெள்ளிக்கிழமை தாசில்தாரே வருவார் என்று பதினைந்து நாளில் பதில் வந்தது. இதில் தவறினால் அக்காவின் கார்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அந்த வெள்ளிக்கு முந்தின செவ்வாய்க்கிழமை டப்டப் சத்தம் வந்தது. கோயில் சாவி எங்கள் வீட்டில்தான் இருக்கும், மணி அடிப்பது நைனா. அன்றைக்குச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டுக் கழனிக்குப் போய்விட்டார். ஒருத்தர் வீட்டிலும் கதவு திறக்கவில்லை. சாமியார் முதலில் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"விஷயம் கேள்விப்பட்டேன். நானும் வந்து தாசில்தார்ட்ட பேசட்டா? மனு எழுதணும்னா எழுதித் தாறேன்" என்றார்.

அம்மா கதவிடுக்கில் நின்று சொன்னாள். "நீங்க எயுதின வரைக்கும் போதும் சாமி."

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா கதவைச் சாத்திவிட்டாள்.

பூட்டின கோயில் வாசல்படியில் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, தனியாகப் பூசை வைத்தார். எதிரில் இரண்டு ஆடு. நான் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து வேவு பார்த்தேன். "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார். பதில் சொல்ல ஆளில்லை. பழக்கதோஷம், என் வாய் தானாகத் திறந்தது. கையால் பொத்திக்கொண்டேன்.

பூசை முடிந்து வேலிப்பக்கம் வந்து என்னைப் பார்த்துவிட்டார்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறியா பிள்ள?"

நான் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் அம்மா தலையை ஆட்டினாள். "பானையில தண்ணி இல்ல" என்றேன். எங்கள் பானை வாசலிலேயே இருந்தது, வெளியெல்லாம் ஈரம் கசிந்து. அவர் பானையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். சரி என்றார். தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று நான் சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

"ஆர்.ஐ. வந்தப்ப யார் யார் வீட்டுக்குப் போனாரு?" என்று கேட்டார்.

பதில் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த ஒண்ணுக்குக் கதையைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. "எங்க வூட்டுக்கு மட்டும்தான். அப்பறம் வேப்பமரத்தாண்ட போய் ஒண்ணுக்கு வுட்டாரு" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

"தாசில்தார் என்னைக்கு வாராரு?"

இதற்கு நான் ஏமாறவில்லை. இந்த ஆள் நாளைத் தெரிந்துகொண்டு முன்னாடியே போய்க் கோள் சொல்லப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. "வர்ற திங்கக்கெயம" என்று பொய் சொன்னேன். கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை மத்தியானம். பெரியவர்கள் எல்லாரும் களை பறிக்கப் போயிருந்தார்கள். நான் ஆட்டை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போனேன். கல்லறையில் ஆள் தெரிந்தது. சாமியார். அங்கியைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு பக்கெட் சுண்ணாம்பு, தென்னை மட்டையில் அடித்த ஒரு மட்டைப் பிரஷ். ஒரு குருசு முன்னால் நிற்பார், நீளப் புத்தகத்தில் ஏதோ எழுதுவார், அப்புறம் பேர் மேலே சுண்ணாம்பை இழுப்பார். தாருக்கு மேலே சுண்ணாம்பு நிற்காது. காயக் காயப் பழுப்பாக எழுத்து மேலே வந்துவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு கை அடித்து முடித்துவிட்டு மறுபடி முதல் குருசுக்கு வந்தார். இரண்டாவது கை. தாத்தா குருசிலிருந்த பூ என் கண்ணெதிரே மறைந்தது.

ஆட்டை விட்டுவிட்டு ஓடினேன். கழனி வரப்பில் விழுந்து எழுந்து ஓடினேன். "சாமியாரு செத்துப்போனவங்க பேரெல்லாம் அயிக்கறாரு!" என்று கத்தினேன். களைக்கொட்டோடு, சேற்றுக்காலோடு எல்லாரும் வந்தார்கள்.

பெரியம்மாதான் முன்னால் போனாள். "உசுரோட கீறவன் பேர எயுதிக் குட்த்த. செத்தவன் பேர அயிக்கற. இன்னா சாமி நாயம் இது?"

கடைசிக் குருசுக்கு மூன்றாவது கை பாக்கி இருந்தது. நைனா வந்த வேகத்தில் பக்கெட்டை எட்டி உதைத்தார். சுண்ணாம்பு தரையில் ஓடியது. சாமியார் குனிந்து, தரையிலிருந்த சுண்ணாம்பை இரண்டு கையாலும் அள்ளி, அந்தக் குருசில் பூசினார். வெறும் கையால், எழுத்து மறைகிற வரைக்கும் பூசினார். யாரோ ஒரு சேற்று உருண்டையை எறிந்தார்கள். அது அவர் முதுகில் பட்டது. அக்கா ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதினதைக் கூட விட்டுவைக்கவில்லையே என்று மட்டும் சொன்னாள்.

அவர் அக்காவை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்.

"காயுற வரைக்கும் தொடாதிய."

அவ்வளவுதான் சொன்னார். அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, கிளம்பாத மோட்டார் சைக்கிளை ஏரிக்கரை மேல் தள்ளிக்கொண்டு போனார். நாங்கள் பிள்ளைகள் கரை வரைக்கும் ஓவென்று கத்திக்கொண்டு பின்னால் போனோம். எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்தியது நான்.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. தாசில்தார் எங்கள் வீட்டுக்குள் நுழையவே இல்லை. ஆர்.ஐ. முன்னால் நடக்க, நேராக வேப்பமரத்தடிக்குப் போனார்கள். நைனாவை மட்டும் கூட வரச் சொன்னார்கள். நான் கருவேலம்புதரில் இருந்தேன். பேச்சு காதில் விழவில்லை. ஆர்.ஐ. குருசு குருசாகத் தேடுவது தெரிந்தது. ஒன்றைத் தேய்த்துப் பார்த்துவிட்டு வெள்ளையாகிப் போன விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். தாசில்தார் தாத்தா குருசைக் கைத்தடியால் காட்டி நைனாவிடம் ஏதோ கேட்டார். நைனா இல்லை என்று தலையாட்டினார். மறுபடி கேட்டார். மறுபடி ஆட்டினார். மூன்றாம் தரமும் கேட்டார், நைனா மூன்றாம் தரமும் ஆட்டினார். ஜீப் போன பிறகு அவர் அங்கேயே குந்தி உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

சான்றிதழ் வந்தது. அக்காவுக்கு மதுராந்தகம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. நைனா மனு போட்டதுதான் பலித்தது என்று காலனி முழுக்கப் பேச்சு. சாமியார் கிறிஸ்துமசுக்கு முன்னாலேயே மாற்றலாகிப் போய்விட்டார். "அந்தாளு போனான், சனி வுட்டுது" என்றாள் பெரியம்மா. ஒன்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் யார் அந்தச் சாமியாரைத் திட்ட ஆரம்பித்தாலும் நைனா எழுந்து வெளியே போய்விடுவார். கூடச் சேர்ந்து திட்டவும் இல்லை, திட்டாதே என்று சொல்லவும் இல்லை. வயிற்றுக்கோளாறு என்று நாங்கள் நினைத்தோம். சாகிற வரைக்கும் அவருக்கு அந்தக் கோளாறு இருந்தது.

இந்த வருஷம் புரட்டாசியில் மகள் கல்யாணத்துக்குக் கோயில் பதிவு வேண்டியிருந்தது. பங்குக் கோயிலுக்குப் போனேன். இப்போதிருக்கும் சின்னச் சாமியார் அலமாரியைக் குடைந்து பழைய புத்தகம் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஒன்றின் முதுகில் சிவப்புத் துணி. அட்டையில் சுண்ணாம்புத் துளி காய்ந்து செதிலாக நின்றது.

பிரித்துப் பார்த்தேன். எங்கள் காலனி வீடு வீடாக இருந்தது. இன்ன வீட்டுப் பையனுக்கு மாலைக்கண், எண்ணெய் மருந்து கேட்க வேண்டும். இன்ன வீட்டில் ரேஷன் கார்டு இல்லை. எங்கள் வீட்டுக்கு நேராக என்னைப் பற்றியும் ஒரு வரி: "சின்னப் பெண் எதையும் நம்ப மாட்டாள். சொல்வதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது." படித்துவிட்டுச் சிரித்தேன், அந்தச் சின்னச் சாமியார் எதிரிலேயே அழுதும் விட்டேன். திங்கட்கிழமை என்று நான் சொன்னதை அவர் நம்பியிருந்தால் அக்கா இன்னும் களைதான் பறித்துக்கொண்டிருப்பாள்.

கடைசிப் பக்கத்தில் வேப்பமரம் ஒன்று வரைந்து, கீழே பதினொரு கட்டம் போட்டிருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பேர், அக்கா எழுதியிருந்தது போலவே, கோயில் பேர் மேலே, வீட்டுப் பேர் கீழே. தாத்தா கட்டத்தில் அந்தப் பூவைக் கூட விடவில்லை. அடியில் மூன்று வரி எழுதியிருந்தார்.

"எழுதச் சொன்னவன் நான். எழுதிய கை அந்த மூத்த பெண்ணுடையது. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

ஆர்.ஐ. அன்றைக்கு மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாரே, ஒண்ணுக்குப் போகவில்லை. வாசித்துக்கொண்டு நின்றார். எனக்கு ஐம்பத்தேழு வயதாகிறது. இது புரிய இத்தனை வருஷம் பிடித்தது. எதற்கெடுத்தாலும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட வேண்டிய ஒன்றைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். வேதத்தை மறைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் சொல்ல ஒரு சாமியாருக்கு எப்படி வாய் வரும்? வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்துவிட்டுப் போயிருக்கிறார். நைனாவுக்கு அந்த வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டது. தன் அப்பன் குருசைக் காட்டிக் கேட்டதற்கு யாரோ தெரியாது என்று சொன்ன மனுஷன், அதை எந்த வாயால் வெளியே சொல்லுவார்?

அக்காவிடம் சொல்லவில்லை. ஒன்றரை மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

போன கல்லறைத் திருநாளுக்கு இரண்டு பேரும் ஊருக்குப் போனோம். அக்கா ரிட்டையராகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சர்வீஸில் இருந்த வரைக்கும் அந்தக் குருசுகளில் பேர் எழுத அவள் விட்டதில்லை, யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம். இந்தத் தரம் அவளே கடையில் கறுப்புப் பெயிண்ட்டும் பிரஷ்ஷும் வாங்கிவந்திருந்தாள்.

"பென்ஷன் வந்துகினு கீது, ஞாபகம் கீதா?" என்றேன்.

"போடி. இனிமே இன்னா புடுங்கப் போறாங்க?" என்று தாத்தா குருசு முன்னால் உட்கார்ந்தாள். வீட்டுப் பேரைக் கீழே எழுதினாள். கை நடுங்கினாலும் அதே அச்செழுத்துதான். மேலே எழுதப் போனவள் நிறுத்திவிட்டாள். "கோயில் பேரு இன்னாடி? மறந்தே பூட்ச்சி."

நான் சொன்னேன். எழுதினாள். பூவும் போட்டாள். தள்ளி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அந்தாளு இப்போ இருந்தா இத்தையும் அயிச்சிருப்பான்" என்றாள்.

அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியவர் நல்ல மனசோடுதான் எழுதினார். ஆனால் அன்றைக்குக் கழனி வரைக்கும் ஓடிப்போய்க் கத்தியது என் வாய். அந்த வாயே சொல்லட்டும் என்று தோன்றியது.

"அவுரு அயிச்சதாலதான் நீ டீச்சரு."

முழுக்கச் சொன்னேன். ஆர்.ஐ. வாசித்தது, வியாழக்கிழமை, மூன்று கை, நைனா தலையாட்டியது, பூ போட்ட கட்டம். பிரஷ் நுனியிலிருந்து பெயிண்ட் புடவையில் சொட்டியதைக் கூட அக்கா கவனிக்கவில்லை.

"அப்போ நான் எயுதினதாலதான்" என்றாள் கடைசியில்.

"அவுரு எயுதச் சொன்னதாலன்னு அவுரு எயுதி வெச்சிக்கீறாரு."

அவள் குருசையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த கண்.

"அவுரு பேரு இன்னாடி?"

எனக்குத் தெரியவில்லை. சாமி என்று கூப்பிட்டோம், சாமியார் என்று சொன்னோம், அந்தாளு என்று திட்டினோம். எங்கள் காலனியில் இருந்தவர், செத்தவர் எல்லார் பேரும் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. எழுதியவர் பேர் ஒரு பக்கத்திலும் இல்லை.

"பங்குக் கோயில்ல பழைய சாமியாருங்க பேரெல்லாம் பலகையில எயுதி மாட்டிக்கீறாங்க" என்றேன். "பாத்தா தெரியும்."

"அங்க போக பஸ் எத்தினி மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டே அக்கா எழுந்தாள். பெயிண்ட் டப்பாவை அவள் மூடவில்லை.